கூட்டின் நடுவே நீலம்

இடது காலின் விரலிடுக்குகளைத் துடைக்கும்போது துணியில் சூடு போயிருந்தது. மெரிகே அதை மறுபடி வாளியில் முக்கினாள். வாளித் தண்ணீரும் ஆறிவிட்டது. செத்தவளுக்கு வெந்நீர் எதற்கு என்று காலையில் ஹெல்வி சித்தி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அடுப்பில் வைத்துக் கொடுத்தாள்.

அம்மா முன்னறையில், இரண்டு பெஞ்சுகளின் மேல் போட்ட பலகையில் கிடந்தாள். விடியும் நேரத்தில் போனவள். அடுத்த அறையில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல முகம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. மெரிகே அதை நேராக்கவில்லை.

"முடிஞ்சுதா?"

ஹெல்வி வாசலில் நின்றாள். அம்மாவின் தங்கை. மோட்டார் சைக்கிள் ஓட்டும் கையுறைகளை இடுப்பில் செருகியிருந்தாள்.

"கால் மட்டும் பாக்கி."

"சீக்கிரம்டி. மத்தியானம் பாதிரியார் படகு வந்துடும். ஆண்ட்ஸ் பெட்டியை முடிச்சுட்டான். படகு செய்யறவன்கிட்ட சவப்பெட்டி சொன்னா வேற எப்படி இருக்கும்? இணைப்புக்கெல்லாம் தார் பூசி வெச்சிருக்கான். 'ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது'ங்கறான். 'எங்க போகப் போறா அவ, மீன் பிடிக்கவா'ன்னேன்."

மெரிகேவுக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்வியும் சிரித்தாள். பிறகு இருவரும் பலகையைப் பார்த்தார்கள்.

ஹெல்வி உள்ளறைக்குப் போய்ப் படுக்கையைச் சுருட்டத் தொடங்கினாள். ஒருவர் இறந்த படுக்கையை அன்றைக்கே கரையில் வைத்து எரித்துவிட வேண்டும். தீவில் அதைத் தள்ளிப்போட்டவர்கள் கிடையாது. மெத்தை, விரிப்பு, கடைசியாகத் தலையணை. ஒவ்வொன்றாக வெளியே நின்ற தள்ளுவண்டிக்குப் போயின.

"இந்தத் தலையணைக்கு என்ன நாத்தம்டி. உறையைக்கூட மாத்தலியா நீ?"

"மாத்த விடலை."

"உன்னையுமா?"

"தொட்டாலே கையைத் தட்டிவிடுவா."

"பிடிவாதக்காரி." ஹெல்வி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். "எதைக் கட்டப் போற அவளுக்கு?"

"பெட்டியில ரெண்டு பாவாடை இருக்கு. கறுப்பு ஒண்ணு, சிவப்பு ஒண்ணு."

"கறுப்பைக் கட்டு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மெரிகே துணியைப் பிழிந்து அம்மாவின் குதிகாலைத் துடைத்தாள்.

தீவில் ஒரு பெண்ணிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. பாவாடையைப் பார்த்தால் போதும். எல்லோரும் நன்றாக இருக்கும் வீட்டில் சிவப்பு. சாவு விழுந்தால் கறுப்பு. காலம் போகப் போகக் கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு வரும், பிறகு இன்னொன்று. ஹெல்வியின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவள் பாவாடையில் சிவப்பு பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. அம்மா லெய்டாவின் பாவாடையில் ஒரு கோடுகூடத் திரும்பவில்லை.

அண்ணன் ரைவோ போனது ஒரு செப்டம்பரில். ரஷ்யர்கள் இருந்த காலம். அவனுக்குப் பத்தொன்பது வயது. விலாங்கு வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவின் சின்னப் படகில் போனான். கடல் அன்று குளம்போலக் கிடந்தது. ஆளும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. மறுநாள் எல்லைக் காவல் சிப்பாய்கள் தீவில் இறங்கினார்கள். கடலில் செத்திருந்தால் ஒன்றுமில்லை. ஸ்வீடனுக்கு ஓடியிருந்தால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள். சிப்பாய்கள் முற்றத்தில் ஏறுவதற்குள் ஹெல்வி பின்வாசல் வழியாகத் தன்னுடைய கறுப்புப் பாவாடையைக் கொண்டுவந்து அக்காவுக்குக் கட்டிவிட்டாள். அம்மா அடுப்பருகே நின்றுகொண்டு, "செத்துட்டான்" என்றாள். அவளுக்குத் தெரிந்த சில ரஷ்யச் சொற்களில் அதுவும் ஒன்று.

சிப்பாய்கள் போனார்கள். பாவாடை போகவில்லை.

எஸ்தோனியா தனி நாடானது. கடல் திறந்தது. முன்பு ஓடிப்போனவர்கள் ஸ்வீடனிலிருந்து காப்பிப் பொட்டலங்களோடு வந்து உறவுக்காரர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ரைவோவிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அம்மா அவன் பெயரைச் சொல்வதில்லை. இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. கடைசி வாரங்களில், அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, மெரிகே கேட்க நினைத்தாள். நீ என்னதான் நினைக்கிறாய், அவன் இருக்கிறானா இல்லையா என்று. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்கவில்லை.

"சித்தி, முதல்ல அது பொய்க்குக் கட்டினதுதானே?"

"ஆமா. நான்தான் கட்டிவிட்டேன்." ஹெல்வி தலையணையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "ஆனா அப்புறம் அவ கழட்டவே இல்லியே. சிப்பாய் போயாச்சு, ரஷ்யாக்காரனே போயாச்சு. கழட்டாத பொய் நிஜம்தான்டி. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தாய்க்குத் தெரியும். கறுப்பைக் கட்டு."

வண்டிச் சக்கரம் கூழாங்கற்களின் மேல் கரைப் பக்கம் உருண்டுபோகும் சத்தம் கேட்டது.

மெரிகே பெட்டியைத் திறந்தாள். சதுப்பில் பறித்துக் காயவைத்த செடியின் காட்டமான வாசனை, அதற்கடியில் அந்துருண்டை வாசனை. கறுப்புப் பாவாடை மேலே இருந்தது. பல வருடம் உட்கார்ந்து எழுந்து பின்பக்கம் பளபளத்துப்போயிருந்தது. சிவப்பு அடியில் இருந்தது. ரைவோ போவதற்கு முந்தைய குளிர்காலத்தில் நெய்தது. ஒருமுறைகூடக் கட்டாதது. கட்டாததை ஏன் வைத்திருந்தாள்? கட்டுவதற்கா, தூக்கிப்போட மனமில்லாமலா? இரண்டையும் எடுத்து ஜன்னலருகே கொண்டுபோனாள். எதையாவது ஒன்றை அம்மா தொட்டுக் காட்டினால் போதும் என்றிருந்தது.

சிவப்புப் பாவாடையின் விளிம்பில் அந்துப்பூச்சியின் கூடு ஒன்று ஒட்டியிருந்தது. அரிசியைவிடச் சற்று நீளம். கிள்ளி எறிய விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

கம்பளி பின்னுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்துவைத் தெரியும். ஆனால் மெரிகேவுக்கும் ரைவோவுக்கும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். சின்ன வயதில் அவர்கள் ஊறுகாய் ஜாடியில் ஒரு புழுவை வளர்த்தார்கள். அது ரைவோவின் யோசனை. தின்கிற கம்பளியிலிருந்தே இழை எடுத்து அந்தப் புழு தன்னைச் சுற்றி ஒரு குழாய் கட்டிக்கொள்ளும். எங்கே போனாலும் இழுத்துக்கொண்டே போகும். குழாய்க்கு இரண்டு பக்கமும் வாசல். உள்ளேயே திரும்பிக்கொண்டு எந்தப் பக்கமும் தலையை நீட்டும். முதலில் வெள்ளைக் கம்பளியைப் போட்டார்கள். கூடு வெள்ளையாக வந்தது. பிறகு சிவப்பு. இரண்டு முனைகளிலும் சிவப்பு வளையம். பிறகு பச்சை. "பாரு, பாவாடை கட்டிக்கிட்டான்" என்றான் ரைவோ.

ஒருநாள் புழு கூட்டைப் பக்கவாட்டில் கடித்துக் கிழித்தது. அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் அம்மா வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவளும் குனிந்து பார்த்தாள்.

"எதுக்குக் கட்டினதைக் கிழிக்குது?"

"பெருத்துடுச்சும்மா. சட்டை பத்தலை. நடுவுல துண்டு வெச்சுத் தெச்சுக்கும்."

"நல்ல பிள்ளை. தன் சட்டையைத் தானே பாத்துக்குது" என்றாள் அம்மா. "நீங்களும் இருக்கீங்களே."

கடைசியில் ஜாடிக்குள் பூச்சி வந்தது. காய்ந்த வைக்கோலின் நிறம். இறக்கையில் மங்கலான மூன்று புள்ளிகள். ஓரமெல்லாம் மயிர். அழகாக எதுவும் இல்லை. வெளிச்சத்தைக் கண்டால் பறக்காமல் ஓடி ஒளிந்தது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். தொடவில்லை. "இதுக்குத் திங்கற வாய் இல்லை. புழுவா இருந்தப்போ தின்னதுதான். அதை வெச்சுத்தான் பறக்கணும்" என்றான் ரைவோ.

மெரிகே பாவாடை விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தாள். கூட்டின் இரண்டு முனைகளிலும் பாவாடையின் சிவப்பு. அதற்கு உள்ளே ஒரு வெள்ளை. நடுவே நீலம்.

இந்த வீட்டில் நீலம் கிடையாது. நீலமும் வெள்ளையும் ஆண்களின் சட்டைக்கு. தீவில் தாய்மார்கள் மகன்களுக்குப் பின்னுகிற கம்பளிச் சட்டை. அடியில் கடல் தொடாமலிருக்க ஒரு சிவப்பு வரி. அப்பாவை அவருடைய சட்டையோடு புதைத்தார்கள். ரைவோ வேலைக்குப் போடுகிற சட்டையோடு போனான். நல்ல நாளுக்கு வைத்திருந்த இன்னொன்று வீட்டில் இருந்தது. அடுத்த வருடம் மெரிகே தயங்கித் தயங்கி அதைக் கேட்டாள். போட்டுக்கொள்ள அல்ல, வைத்துக்கொள்ள. அவனுடையது என்று அவளிடம் வேறு எதுவும் இல்லை. "அந்து அரிச்சுடுச்சு. எரிச்சுட்டேன்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு இரண்டு நாள் மெரிகே அம்மாவோடு பேசவில்லை. அம்மா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கூடு முனைகளில்தான் நீளும். நடுவில் இருப்பதுதான் பழசு. புழு இந்தக் கோடையில் பிறந்தது. அது முதலில் தின்றது நீலக் கம்பளியை.

அவள் பெட்டிக்குள் கைவிட்டு அடிவரை துழாவினாள். துண்டுகள், காலுறைகள், அப்பாவின் தொப்பி. எதுவும் இல்லை. எழுந்து நின்றாள். பலகையில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள். அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்தாள்.

செருப்பைக்கூட மாட்டாமல் கரைக்கு ஓடினாள்.

மெத்தை எரிந்துகொண்டிருந்தது. புகை கடல் பக்கம் போயிற்று. ஹெல்வி நீளமான கம்பால் விரிப்பைத் தீக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். தலையணை வண்டியில் இருந்தது.

"அது எனக்கு வேணும் சித்தி."

"எது?"

"தலையணை."

"எரியணும்டி அது. அதுல தலை வெச்சுத்தான் போனா."

"தெரியும்."

ஹெல்வி அவள் வெறுங்கால்களைப் பார்த்தாள். அக்டோபர் கல்லில் அவை சிவந்திருந்தன. ஏதோ சொல்ல வந்து மாற்றிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போ. அழணும்னா வீட்டுக்குள்ள வெச்சு அழு. இங்க உறை கிழிஞ்சு இறகு பறந்தா என் கண்ணுலதான் விழும்."

மெரிகே அதை அம்மாவின் பலகைக்கு அருகே தரையில் வைத்துத் தையலைப் பிரித்தாள். தையல் பலமுறை பிரித்துப் பலமுறை போட்டது. இறகுகளுக்கு நடுவே, தோள் மேல் தோளாக மடித்து, சட்டை இருந்தது.

விரித்தபோது ஒரு பூச்சி ஓடியது. பறக்கவில்லை. மடிப்பிலிருந்து மடிப்புக்கு ஓடி, இறகுகளுக்குள் மறைந்தது.

சட்டை அவள் நினைவில் இருந்ததைவிடப் பெரியதாக இருந்தது. நினைவு தப்பு என்று முதலில் நினைத்தாள். பிறகு பக்கங்களைப் பார்த்தாள். அக்குளிலிருந்து அடிவரை வெட்டி, நடுவில் ஒரு பட்டை பின்னி வைத்திருந்தது. அந்தப் பட்டையின் நீலம் வீட்டில் சாயம் போட்ட பழைய நீலம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை. அது கடைக் கம்பளியின் நீலம், கொஞ்சம் பளிச்சென்று. இரண்டு பக்கமும் அப்படியே. ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் சிவப்பு வரி விடாமல் தொடர்ந்தது. அந்து அரித்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்னி மூடியிருந்தாள். சமீபத்தில் மூடியவற்றில் பின்னல் கண்கள் ஒழுங்காக இல்லை. கழுத்தருகே ஓர் ஓட்டை பாதியில் நின்றது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

மெரிகே சட்டையின் ஒரு கைக்குள் தன் கையை விட்டாள். விரல்கள் மறுமுனையில் வெளியே வரவில்லை. படகில் குளிர் அடித்தால் ரைவோ தன் சட்டைக் கைகளை இழுத்துவிட்டு அதற்குள் அவள் கைகளை வைத்துக்கொள்ளச் சொல்வான். "திருப்பித் தந்துடு, எனக்கும் வேணும்" என்பான். கைகளையா சட்டையையா என்று அவள் கேட்டதில்லை.

பிறகு கையை வெளியே எடுத்தாள். கறுப்புப் பாவாடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

ஹெல்வி புகை வாசனையோடு திரும்பி வந்தபோது லெய்டா சிவப்புக் கட்டியிருந்தாள்.

"என்னடி இது?"

"பாவாடை."

"எனக்குக் கண்ணு தெரியுது. ஏன்னு கேக்கறேன்."

"அவ நெய்து வெச்சிருந்தது இது."

"அவன் போறதுக்கு முன்னால நெய்தது. கட்டினாளா? ஒரு ஈஸ்டருக்குக் கட்டினாளா?" ஹெல்வியின் குரல் தாழ்ந்தது. பலகையில் இருப்பவள் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "சாயந்திரம் பாட்டுப் பாட ஊரே வரும். மகனைக் கடல்ல விட்டவ கல்யாணத்துக்குப் போற மாதிரிக் கெடக்கான்னு பேசுவாங்க. உன்னைச் சொல்ல மாட்டாங்க. அவளைச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"மெரிகே."

"சொல்லட்டும் சித்தி. நான் மாத்த மாட்டேன்."

ஹெல்வி கையுறைகளை எடுத்து மாட்டினாள். மாட்டிவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு குனிந்து அக்காவின் தலைத்துணி முடிச்சைச் சரிசெய்தாள். வெளியே மோட்டார் சைக்கிள் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

மாலையில் ஊர் வந்தது. பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். ஒவ்வொருத்தியும் உள்ளே வந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாவாடையைப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹெல்வி மூலையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். மெரிகேவின் பக்கம் திரும்பவில்லை.

அடக்கத்தன்று காலை சாப்பாட்டு மேசைக்கு வேண்டியதை எடுத்து வைத்தார்கள். மெரிகே ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் ஃப்ரீசர் மூடி தூக்கப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. கத்தியை வைத்துவிட்டுப் போனாள்.

ஹெல்வி ஃப்ரீசருக்கு மேல் குனிந்திருந்தாள். மீன்களுக்கு மேலே, கண்ணாடிப் பையில் இறுக்கிக் கட்டி, சட்டை கிடந்தது. பக்கவாட்டுப் பட்டைகள் மேலாக இருந்தன. உறைபனி லேசாகப் படிந்திருந்தது. ஹெல்வி கட்டைவிரலால் ஓர் இடத்தைத் தேய்த்தாள். பனி கரைந்து நீலம் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தைத் தேய்த்தாள். அங்கே வேறு நீலம்.

குளிர்காற்று அவள் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை.

"அந்துக்கா?" என்றாள்.

"ஆமா."

"முட்டையும் சாகணும். அவசரப்பட்டு எடுத்துடாத."

"எடுக்கலை."

ஹெல்வி பையைத் தூக்கி, ஓரமாக, எதுவும் மேலே விழாத இடத்தில் வைத்தாள். அடியிலிருந்து மீன் பொட்டலங்களை எடுத்து மெரிகேவின் கைகளில் அடுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூடியைப் பாதி இறக்கிவிட்டு மறுபடி தூக்கினாள்.

"தோள் பத்தாது அவனுக்கு."

மெரிகே பொட்டலங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பக்கமெல்லாம் விட்டிருக்கா, தோளை விடலை. உங்கப்பனுக்கும் நாப்பதுக்கு மேலதான் தோள் வெச்சுது." மூடியை இறக்கினாள். உள்ளே விளக்கு அணைந்தது. "என்கிட்ட அந்தக் கடைநீலம் ரெண்டு கண்டு இருக்கு. இந்த வருஷம் பனி சீக்கிரம் வந்துடும், வெளிய வேலை இருக்காது."

மீன் மெரிகேவின் விரல்களை மரத்துப்போகச் செய்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

பத்து மணிக்கு ஆண்ட்ஸ் மூடியைக் கொண்டுவந்தான். தார் வாசனை அறையை நிறைத்தது. பாதிரியார் தன் பங்கை முடித்து ஒதுங்கினார். ஹெல்வி முன்னால் வந்து அக்காவின் பாவாடை விளிம்பை இழுத்து நேராக்கினாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. அரிசியைவிடச் சற்று நீளமான ஒன்று, ஒரு முனையில் தலையை நீட்டி, தன் கூட்டை இழுத்துக்கொண்டு சிவப்பின் மேல் போய்க்கொண்டிருந்தது. ஹெல்வி குனிந்து அதைப் பார்த்தாள். கிட்டத்தில் இருப்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் நெடுநேரம் பார்த்தாள்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"மூடு ஆண்ட்ஸ்" என்றாள்.